அறிவு தான்தோன்றி அன்று: நுண் ஆர்.என்.ஏ.யும் நோயுற்ற இதயமும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் எம் மக்கள் பன்னெடுங்காலமாக வழங்கி வருகின்றனர். ஞாயிறு எழுகின்ற கரை ஒன்று. ஞாயிறு படுகின்ற கரை மற்றொன்று. நெடுஞ்சாலையும் பெரிய வைத்தியசாலையும் பேர்பெற்ற கல்லூரிகளும் எழுவான்கரைப் பக்கமாகவே அமைந்தன. வயலும் மாடும் ஓயாத உழைப்பும் படுவான்கரையின் பங்காயின. அப்படுவான்கரையின் நடுவே விளங்கும் ஊர் கொக்கட்டிச்சோலை. கொக்கட்டி மரங்கள் செறிந்த சோலையிலே சிவலிங்கம் தானாகவே தோன்றிற்று என்பது ஊர் வழக்கு. அதனாலேயே அங்குள்ள கோயிலின் இறைவன் தான்தோன்றீசுவரர் எனப் பெயர் பெற்றார்.

இறைவன் தானாகத் தோன்றினான் என்பது அடியவரின் நம்பிக்கை. அதனோடு நமக்கு வழக்கில்லை. ஆனால் மனிதனின் அறிவு ஒருபோதும் தானாகத் தோன்றியதில்லை. அது பல கைகளின் உழைப்பால், பல நாடுகளின் பொதுப் பணத்தால், பலமுறை தோற்றுத் தோற்று உருவாவது. தோன்றிய பின்னரும் அது தானாகக் கரை சேர்வதில்லை. யாரோ ஒருவர் அதனைச் சுமந்து செல்ல வேண்டும். அல்லது யாரோ ஒருவர் அதனை வழியிலே மறித்துக்கொள்வார். இவ்வுண்மையை விளக்க அண்மைக்கால விஞ்ஞான வரலாற்றிலிருந்து ஒரு கதையை இங்கே எடுத்துக்கொள்கிறோம். கொரோனா வைரசு நோய் மனித இதயத்துக்கு இழைத்த தீங்கினையும், அத்தீங்கினை விளங்கிக்கொள்ள உதவிய நுண் ஆர்.என்.ஏ. என்னும் மிகச் சிறிய பொருளையும் பற்றிய கதை அது.

2019ஆம் ஆண்டின் இறுதியில் சீனத்தின் வூகான் நகரில் வெளிப்பட்ட கொரோனா வைரசு நோய், தொடக்கத்திற் சுவாசப்பையின் நோயாகவே கருதப்பட்டது. காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் ஆகியவையே அதன் அடையாளங்கள் எனப்பட்டன. ஆனால் சில வாரங்களுக்குள்ளேயே வூகான் வைத்தியர்கள் வேறொன்றைக் கண்டனர். இதயத்தசை சிதையும்போது ட்ரோபோனின் என்னும் புரதம் குருதியிற் கலக்கும். மாரடைப்பை அறிவதற்கு வைத்தியர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தி வரும் அடையாளம் அது. அவ்வைத்தியர்கள் 416 நோயாளரை ஆராய்ந்து 2020 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களுள் 82 பேரின் குருதியில் இதயம் காயமுற்றதற்கான அடையாளம் இருந்தது. அந்த 82 பேரிற் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். இதயம் காயமுறாத ஏனையோரில் இறந்தோர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. சுவாசப்பையின் நோய் என்று எண்ணப்பட்டது இதயத்தையும் தாக்கும் நோயாக இருந்தது.

நோயிலிருந்து மீண்டவரையும் அது எளிதில் விடவில்லை. அமெரிக்காவில் முன்னாட் படைவீரருள் இந்நோய் கண்டு பிழைத்த 1,53,760 பேரை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2022இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நோய் காணாதவரோடு ஒப்பிடுகையில், ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 45 பேர் வீதம் மேலதிகமாக இதய நோய்க்கோ குருதிக் குழாய் நோய்க்கோ ஆளாயினர் என்று அது காட்டிற்று. காய்ச்சல் தணிந்து வீடு திரும்பிய ஒரு வேளாண்மைக்காரர், சில மாதங்களின் பின் வரம்பு கட்டும்போது நெஞ்சு அடைக்கிறது என்றும் மூச்சு வாங்குகிறது என்றும் சொன்னால், அதனை வயதின் தளர்ச்சி என்று ஒதுக்கிவிடுதல் கூடாது என்பதே இவ்வெண்கள் நமக்குக் கூறும் செய்தி.

சுவாசத்தின் வழியே நுழைந்த வைரசு இதயத்தை எவ்வாறு தாக்கிற்று? வழிகள் பல. வைரசு மனிதக் கலத்தினுள் நுழைவதற்குக் கதவாகப் பயன்படும் ஏ.சி.இ.-2 என்னும் புரதம் இதயத்திலும் உண்டு. உடலின் நோய் எதிர்ப்பு, அளவு மீறிக் கொதித்தெழுந்து சொந்த உடலையே சுடுவதும் உண்டு. குருதி உறைந்து சிறு குழாய்களை அடைப்பதும், சுவாசப்பை பழுதுற்றபோது ஒட்சிசன் குறைந்து இதயம் தவிப்பதும் உண்டு. ஒவ்வொரு நோயாளரிடத்தும் இவற்றுள் எது எவ்வளவு வேலை செய்தது என்று அறிவது எளிதன்று. சிதைந்த இதயத்தின் உள்ளே நடப்பதை வெளியிலிருந்து படிப்பதற்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. அக்கருவிகளுள் ஒன்றைத் தந்தது ஒரு புழு என்றால் நம்புவதற்கு அரிதாக இருக்கும்.

*

1960களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், அந்நாட்டு அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குரிய ஆய்வுகூடத்திலே சிட்னி பிரென்னர் என்னும் விஞ்ஞானி ஒரு புழுவைத் தெரிந்தெடுத்தார். சீனோராப்டிட்டிஸ் எலிகன்ஸ் என்பது அதன் பெயர். மண்ணில் வாழ்வது; ஒரு மில்லிமீற்றர் நீளமே உடையது; ஏறத்தாழ ஆயிரம் கலங்களால் ஆனது; அவற்றுள் 302 மாத்திரமே நரம்புக் கலங்கள். பிரென்னர் தென்னாபிரிக்காவிற் பிறந்தவர். செருப்புத் தைக்கும் ஏழைக் குடியேற்றவாசி ஒருவரின் மகன். ஓர் உயிர் ஒற்றைக் கலத்திலிருந்து முழு உடலாக எவ்வாறு வளர்கிறது என்று அறிவதற்கு மிக எளிய உயிர் ஒன்று வேண்டும் என்பது அவர் துணிபு. அப்புழுவினால் நாளை எவருக்கு என்ன இலாபம் என்று அன்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவ்வாராய்ச்சி தொடங்கியே இராது.

அவ்வழியில் வந்தவர்கள் விக்டர் அம்ப்ரோசும் கேரி ருவ்கனும். இருவரும் ரொபர்ட் ஹோர்விட்ஸ் என்பவரின் ஆய்வுகூடத்திலே இளம் ஆராய்ச்சியாளராக இருந்தபோது இப்புழுவின் இரண்டு பரம்பரை அலகுகளைக் கையில் எடுத்தனர். ஒன்று லின்-4, மற்றொன்று லின்-14. இவற்றிற் பிறழ்வு நேர்ந்தால் புழுவின் வளர்ச்சி தாறுமாறாகிறது. கடந்துவிட வேண்டிய குழந்தைப் பருவத்தையே அது மீண்டும் மீண்டும் வாழ்கிறது, அல்லது அப்பருவத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. லின்-4, லின்-14ஐ அடக்குகிறது என்று தெரிந்தது. எவ்வாறு அடக்குகிறது என்பதுதான் தெரியவில்லை.

இங்கே கலத்தின் நடைமுறையைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். பரம்பரை அலகில் எழுதப்பட்ட கட்டளை, தூது ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதப்படுகிறது. அப்படியைப் பார்த்தே கலம் புரதத்தை ஆக்குகிறது. ஆகையால் ஒன்றை ஒன்று அடக்குவதானால் அது புரதத்தின் மூலமாகவே நடக்க வேண்டும் என்று அந்நாளைய விஞ்ஞானிகள் எண்ணினர். லின்-4 ஆக்கும் புரதத்தை அம்ப்ரோசின் குழுவினர் பல ஆண்டுகள் தேடினர். அது அகப்படவில்லை, ஏனெனில் அத்தகைய புரதமே இல்லை. லின்-4 தந்தது, 22 எழுத்துகள் மட்டுமே கொண்ட சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. இழை ஒன்று. 1992 ஜூன் மாதத்தில் அம்ப்ரோசும் ருவ்கனும் தத்தம் எழுத்து வரிசைகளைப் பரிமாறிக்கொண்டு பார்த்தபோது, லின்-4இன் சிற்றிழை லின்-14இன் தூது ஆர்.என்.ஏ.யின் வாலோடு பல இடங்களிற் பொருந்துவதை இருவரும் கண்டனர். சிற்றிழை தூதின் மீது படிந்து, புரதம் ஆவதைத் தடுத்துவிடுகிறது.

நம் ஊர் வழக்கிற் சொல்வதானால் இது வட்டைவிதானையின் வேலை போன்றது. வட்டைவிதானை நீரை உண்டாக்குவதில்லை. நெல்லை விளைவிப்பதும் இல்லை. எந்த வயலுக்கு எப்பொழுது எவ்வளவு நீர் பாய வேண்டும் என்று ஒழுங்கு செய்வதே அவர் பணி. அவர் தவறினால் ஒரு வயல் அழுகும், மற்றொன்று காயும். கலத்தினுள்ளே நுண் ஆர்.என்.ஏ. ஆற்றும் பணியும் அதுவே.

இக்கண்டுபிடிப்பு 1993இன் இறுதியில் இரண்டு கட்டுரைகளாக வெளிவந்தது. விஞ்ஞான உலகம் அதனைப் பெரிதாகக் கொள்ளவில்லை. ஒரு புழுவின் விநோதம் என்று பலர் கடந்து சென்றனர். ஏழாண்டுகள் கழிந்தன. 2000ஆம் ஆண்டில் ருவ்கனின் குழுவினர் லெட்-7 என்னும் இரண்டாவது சிற்றிழையைக் கண்டனர். அது புழுவில் மட்டுமன்றி ஈயிலும் மீனிலும் மனிதனிலும் மாற்றமின்றி இருந்தது. பல கோடி ஆண்டுகளாக உயிர்கள் கைவிடாது காத்துவந்த ஒரு முறை இது என்பது அப்போது தெளிவாயிற்று. 2001இல் நுண் ஆர்.என்.ஏ. என்ற பொருள்தரும் பெயர் அவற்றுக்கு நிலைத்தது. மனிதனிடத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இன்று அறியப்பட்டுள்ளன. 2024இல் அம்ப்ரோசுக்கும் ருவ்கனுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அம்ப்ரோசின் 1993ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துப் பார்ப்போர் ஒன்றைக் கவனிப்பர். அதன் முதற் பெயர் ரொசலின்ட் லீ. இரண்டாவது ரோண்டா பைன்பாம். ஆய்வுமேசையில் நின்று அவ்விழையைத் தேடிப் பிடித்த கைகள் அவ்விரு பெண்களுடையவை. ஒரு துறைக்கு மூவருக்கு மேல் வழங்கலாகாது என்ற விதியுடைய அப்பரிசு இருவருக்கே வழங்கப்பட்டது. பரிசு பெற்றவரின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆனால் கோபுரத்தின் கலசத்தைக் காட்டி அடித்தளத்தை மறைக்கும் வழக்கம் விஞ்ஞான உலகிலும் உண்டு என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். இவ்வாராய்ச்சிகள் யாவும் பெரும்பாலும் மக்களின் வரிப்பணத்தினால் நடைபெற்றன என்பதையும் அவர்கள் மனத்திற் கொள்ளட்டும். பின்னர் அது தேவைப்படும்.

*

புழுவிலிருந்து இதயத்துக்கு வந்த வழி நீண்டதன்று. 2005ஆம் ஆண்டளவில், இதயத்தசையின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் நுண் ஆர்.என்.ஏ. இழைகள் கண்டறியப்பட்டன. 2007இல் அமெரிக்காவின் டெக்சாசில் எரிக் ஒல்சனின் ஆய்வுகூடத்திலிருந்து எவா வன் ரூயிஜ் முதலியோர் 208 என எண்ணிடப்பட்ட இழையைப் பற்றி எழுதினர். இதயத்தசை சுருங்குவதற்கு வேண்டிய புரதத்தின் பரம்பரை அலகினுள்ளேயே அது பொதிந்து கிடக்கிறது. அது நீக்கப்பட்ட எலிகளின் இதயங்கள், சுமை கூடியபோதும் வழக்கம்போல வீங்கித் தடிக்கவில்லை. அடுத்த ஆண்டில் ஜேர்மனியில் தொமஸ் தும் என்பவரும் கூட்டாளிகளும் 21ஆம் எண் இழையை ஆராய்ந்தனர். காயமுற்ற இதயத்தில் நாரிழையம் பெருகித் தசையின் இடத்தைப் பிடித்துக்கொள்வதில் அதற்குப் பங்கு உண்டு என்று காட்டினர்.

அதே காலத்தில் மற்றொரு வியப்பும் வெளிப்பட்டது. ஆர்.என்.ஏ. என்பது குருதியில் நொடியிற் சிதைந்து போவது; அதனைச் சிதைக்கும் நொதிகள் குருதியில் நிறைய உண்டு. ஆனால் நுண் ஆர்.என்.ஏ. இழைகள் புரதத்தோடு பிணைந்தும் நுண்ணிய பைகளுக்குள் ஒளிந்தும் சிதையாது மிதக்கின்றன. எனவே இதயத்தசைக் கலம் உடையும்போது அதற்கே உரிய 208 போன்ற இழை குருதியில் வந்து சேரும். வாவியின் நீரில் வைக்கோல் மிதந்து வந்தால் மேலே எங்கோ களத்தில் வெள்ளம் புகுந்துவிட்டது என்று கரையில் நிற்பவன் அறிகிறான் அல்லவா? அவ்வாறே ஒரு துளிக் குருதியைக் கொண்டு இதயத்தின் நிலையை அறியலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 2010இல் மாரடைப்பு நோயாளரின் குருதியில் அவ்விழை காணப்பட்டமை அந்நம்பிக்கைக்கு வலுவூட்டியது.

இவ்வாறு பத்தாண்டுகளுக்கு முன்னரே ஆயத்தமாயிருந்த அறிவு, கொள்ளைநோய் வந்தபோது கைகொடுத்தது. ஜேர்மனியின் ஹனோவர் நகரில் தும்மின் குழுவினர், 2020இலேயே 200-சி என்னும் இழை இதயத்தசைக் கலங்களில் ஏ.சி.இ.-2 கதவைக் குறைக்க வல்லது என்று ஆய்வுகூடத்திற் காட்டினர். 2021இல் அவர்கள், செயற்கைச் சுவாசம் அளிக்கப்பட்ட 18 கொரோனா நோயாளரின் குருதியை நலமுள்ள 15 பேரின் குருதியோடும், கடும் இன்புளுவென்சாவால் அதே நிலையை அடைந்த 13 பேரின் குருதியோடும் ஒப்பிட்டனர். நலமுள்ளோரைவிடக் கொரோனா நோயாளரிடம் நான்கு இழைகள் மிகுந்திருந்தன: அழற்சியோடு தொடர்புடைய 155, நாரிழையத்தோடு தொடர்புடைய 21, இதயத்தசைக்குரிய 208, அதனோடு உறவுடைய 499. இவற்றுட் சில, இன்புளுவென்சா நோயாளரிடமிருந்தும் கொரோனா நோயாளரைப் பிரித்துக் காட்டின. மூச்சுத் திணறல் இருவருக்கும் ஒன்றேயாயினும் இதயத்தின் துன்பம் ஒன்றாக இருக்கவில்லை என்பதற்கு அது ஒரு சான்று.

வைரசும் வாளாவிருக்கவில்லை. ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ.யே அதன் உடைமை முழுவதும். அதிலிருந்து நுண் ஆர்.என்.ஏ. போன்ற சிற்றிழை ஒன்றை அது உண்டாக்குகிறது என்றும், மனிதக் கலத்தின் சில கட்டளைகளை அச்சிற்றிழை அடக்குகிறது என்றும் 2021இல் ஜோன் ஸ்ரெயிற்சின் ஆய்வுகூடத்தார் அறிவித்தனர். வட்டைவிதானையின் மண்வெட்டியைத் திருடன் எடுத்துக்கொண்டு வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வது போன்றது இது.

ஆயினும் இங்கே மிகைக்கூற்றுக்கு இடம் கொடுத்தல் ஆகாது. இவ்வாய்வுகளிற் பல மிகச் சிலரை மட்டுமே கொண்டவை. கொரோனா நோயாளருக்குக் குருதி உறையாதிருக்க அளிக்கப்பட்ட ஹெபரின் என்னும் மருந்தே இவ்விழைகளை அளக்கும் சோதனையைக் குழப்பவல்லது. குருதியில் ஓர் இழை மிகுந்திருப்பதனால் அதுவே நோயின் காரணம் என்று கொள்ளவும் முடியாது. அது விளைவாகவும் இருக்கலாம். இன்று எந்த ஊர் வைத்தியசாலையிலும் நுண் ஆர்.என்.ஏ.யை அளந்து இதய நோய்க்கு வைத்தியம் செய்யும் வழக்கம் இல்லை. விஞ்ஞானத்தை நேசிப்பவன் அதன் எல்லைகளையும் அறிந்து நேசிக்க வேண்டும். இல்லையேல் விஞ்ஞானத்தின் பெயரால் மாயம் விற்பவனுக்கு அவனே முதல் வாடிக்கையாளன் ஆவான்.

*

அறிவின் பிறப்பை இதுகாறும் கண்டோம். இனி அது யார் கைக்குப் போகிறது என்று பார்ப்போம்.

தும் என்னும் அதே விஞ்ஞானி, ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து கார்டியோர் என்னும் நிறுவனத்தை உருவாக்கினார். 132ஆம் எண் இழையை அடக்கித் தளர்ந்த இதயத்தைத் தேற்றும் மருந்தொன்றை அந்நிறுவனம் சோதித்து வந்தது. மருந்து சோதனையில் இருக்கும்போதே, 2024இல், டென்மார்க்கின் பெரு நிறுவனமான நோவோ நோர்டிஸ்க் அதனை நூறு கோடி யூரோவுக்கும் மேற்பட்ட தொகை வரையில் வாங்க உடன்பட்டது. புழுவை வளர்த்தது பொதுப் பணம்; இழையைக் கண்டது பொதுப் பணம்; நோயாளரின் குருதியைச் சோதித்ததும் பெரும்பாலும் பொதுப் பணம். பயிர் விளைந்து களத்துக்கு வந்த பின்னரே போடியார் வருகிறார். மருந்தை ஆக்குவதற்குப் பெரும் முதல் வேண்டும் என்பதையும், சோதனையிலே தோற்கும் மருந்துகளே மிகுதி என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் விதைத்தவனுக்குக் களத்தில் என்ன பங்கு என்ற கேள்வியை எவரும் கேட்காதிருப்பதுதான் வியப்பு.

தடுப்பூசியின் கதையும் இதுவே. கொள்ளைநோய்க் காலத்தில் தடுப்பூசிக்கும் மருந்துக்கும் உரிய காப்புரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்குமாறு இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரில் உலக வர்த்தக அமைப்பைக் கேட்டன. ஓர் அரைகுறை முடிவு 2022 ஜூனில் வந்தது. அதற்குள் உலகெங்கும் பல இலட்சம் மக்கள் மாண்டுவிட்டனர்.

அறிவு இருந்தும் மக்கள் மாள்வது நம் தீவுக்குப் புதிதன்று. மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ரொஸ் 1897இல் சிக்கந்தராபாத்திலே கண்டறிந்தார். அதற்கான கொயினா மருந்தோ இன்னும் பழையது. இருந்தும் 1934-35ஆம் ஆண்டுகளிலே இலங்கையை வாட்டிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 மக்கள் இறந்தனர். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. உலகப் பொருளாதார வீழ்ச்சியினால் முன்னரே பட்டினியிற் கிடந்த குடும்பங்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. மருந்துப் புட்டிகளோடும் உணவுப் பொட்டலங்களோடும் கிராமங்களுக்கு நடந்து சென்றவர்களுள் சூரியமல் இயக்கத்து இளைஞரும் இருந்தனர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அப்பணியில் ஈடுபட்டோர். பருப்பு வழங்கிய பெரேராவை மக்கள் 'பருப்பு மாத்தையா' என்றே அழைத்தனர். காய்ச்சலுக்குக் கொயினா வேண்டும். பட்டினிக்குப் பருப்பு வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தனர். நுளம்பைப் பற்றிய அறிவு மட்டும் போதாது என்பதே அவ்வாண்டுகள் தந்த பாடம். அப்பாடத்தைப் பிற்காலத்தில் நாடு ஓரளவு கற்றது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தினால் அறிவிக்கப்பட்டது.

ஆனால் 2020இல் அதே நாடு கற்றதை மறந்தது. கொரோனாவால் இறந்தோரைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே கூறியிருந்தது. அதனைப் பொருட்படுத்தாது, அடுத்த மாதமே எல்லா உடல்களையும் எரிக்க வேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. நிலத்தடி நீரில் வைரசு பரவும் என்ற சான்றற்ற வாதம் அதற்குத் துணையாயிற்று. தம் இறந்தோரைப் புதைக்கும் மரபுடைய முஸ்லிம் மக்கள் பட்ட துயரம் சொல்லில் அடங்காது. 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அடுத்த மாதம் முதல் தீவின் பல பகுதிகளிலிருந்தும் உடல்கள் நம் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிக்குக் கொண்டுவரப்பட்டன. மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே உறங்குகின்றனர்; முஸ்லிம்களோடு பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் அம்மண்ணில் உள்ளனர். 2024 ஜூலையில் அரசு மன்னிப்புக் கோரிற்று. ஆர்.என்.ஏ.யின் 30,000 எழுத்துகளையும் படித்து முடித்த ஒரு யுகத்தில், மண்ணில் புதைத்த உடல் நீரை நஞ்சாக்குமா என்ற எளிய கேள்விக்கு அதிகாரம் தனக்கு வேண்டிய விடையையே கேட்டது. அறியாமை எப்பொழுதும் அறிவின் குறைவினால் வருவதன்று; சில வேளைகளில் அது கட்டளையிட்டு வரவழைக்கப்படுகிறது.

*

இனிப் படுவான்கரைக்குத் திரும்புவோம். மண்முனையிலே பாலம் அமைந்தது 2014 ஏப்ரலில். அதுவரை கொக்கட்டிச்சோலை மக்கள் வாவியைக் கடப்பதற்குப் 'பாதை' என்று அவர்கள் வழங்கிய மிதவையையே நம்பியிருந்தனர். அல்லது வலையிறவாலோ பட்டிருப்பாலோ சுற்றிச் சென்றனர். நெஞ்சு வலித்தவனும் பிள்ளைத்தாய்ச்சியும் பாம்பு தீண்டியவனும் கரையில் காத்திருந்த காலம் அது. போர்க்காலத்தில் அக்காத்திருப்போடு அச்சமும் சேர்ந்தது. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் இப்பகுதியில் நிகழ்ந்த படுகொலைகளை மறந்து இம்மக்களின் உடல்நலத்தைப் பற்றிப் பேசுவது உண்மைக்கு மாறானது. சோதனைச் சாவடியைத் தாண்டியே வைத்தியரிடம் போக வேண்டியிருந்தவர்களிடம், அரசின் சுகாதார அறிவித்தலை ஏன் உடனே நம்பவில்லை என்று கேட்பது எவ்வாறு?

பாலம் வந்துவிட்டது. ஆனால் அறிவுக்கும் மக்களுக்கும் இடையிலுள்ள வாவி இன்னும் அகலமாகவே இருக்கிறது. இக்கரையின் இதய நோயாளருக்கு இன்று உடனடியாக வேண்டியது நுண் ஆர்.என்.ஏ. சோதனையன்று. இதயத் துடிப்பை வரைந்து காட்டும் கருவியும், ட்ரோபோனினை அளக்கும் வசதியும், இரவிலும் வரும் நோயாளர் வண்டியும், நிலைத்து நின்று பணியாற்றும் வைத்தியரும், கொரோனா கண்டவரை மறவாது அழைத்துப் பரிசோதிக்கும் ஒழுங்குமே வேண்டும். 2022இல் நாடு கடனில் மூழ்கியபோது சாதாரண மருந்துகளுக்கே வைத்தியசாலைகள் தவித்ததையும், வைத்தியர்கள் கூட்டமாக வெளிநாடு சென்றதையும் நாம் கண்டோம். முதலில் வேண்டுவதை முதலிற் கேட்பதே நேர்மை. ஆயினும், சிற்றிழை பற்றிய அறிவு ஏழைகளுக்கு எதற்கு என்று எவரேனும் கேட்டால் அதனையும் நாம் ஏற்கமாட்டோம். இன்று ஆய்வுகூடத்தில் இருப்பது நாளை மருந்தாகும். அந்நாளில் அது எவ்வளவு விலைக்கு, யாருக்குக் கிடைக்கும் என்பது இன்றே நடக்கும் வழக்காட்டத்தினாலேயே முடிவாகிறது. அவ்வழக்கில் நாம் பேச வேண்டுமானால் வழக்கின் பொருள் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு மொழி வேண்டும். மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். இம்மட்டக்களப்பு மண்ணிலே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர். தமிழிற் கலைச்சொல் ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கியவர். ஏழைப் பிள்ளைகளும் கற்பதற்குக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். மருத்துவ அறிவு தாய்மொழியில் வராவிடின் அது ஒரு வகுப்பாரின் உடைமையாகவே நின்றுவிடும் என்பதை அவர்களின் வாழ்க்கை நமக்குக் காட்டிற்று. ஆங்கிலம் அறிந்த சிலருக்கு மட்டும் விளங்கும் மருந்துச் சீட்டும், ஒருவருக்கும் விளங்காத அரசாங்க அறிவித்தலும் இன்றும் நம்மிடையே உள்ளன.

ஆசிரியருக்கு இங்கே பெரிய பணி காத்திருக்கிறது. படுவான்கரையின் ஒரு பாடசாலையில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர், 22 எழுத்துச் சிற்றிழையை வட்டைவிதானையின் பெயரால் மாணவருக்கு விளக்கட்டும். ரொசலின்ட் லீ, ரோண்டா பைன்பாம் ஆகிய பெயர்களை நோபல் பெயர்களோடு சேர்த்தே சொல்லட்டும். 416 பேருள் 82 பேர் என்பதன் பொருளைக் கணக்கிட்டுக் காட்டட்டும். 18 பேரைக் கொண்ட ஆய்வை எவ்வளவு நம்பலாம், எவ்வளவு நம்பலாகாது என்றும் கேட்கச் செய்யட்டும். அம்மாணவன் வீடு திரும்பி, மூச்சு வாங்குகிறது என்று திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டனாரிடம், "அப்பச்சி, உங்களுக்கு அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்து போனதல்லவா? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் பார்ப்போம்" என்று சொல்வானாயின், கேம்பிரிட்ஜின் புழுவிலிருந்து புறப்பட்ட அறிவு அன்று ஒரு வீட்டின் வாசலைச் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.